வாணத்திற்கு வால் எதற்கு?

தீபாவளி இரவில் வாணம் விடாதவர் நம்மில் இலர். அதன் உடலைவிடப் பன்மடங்கு நீண்ட குச்சி ஒன்று எதற்காகக் கட்டப்பட்டிருக்கிறது? புட்டியில் நிறுத்தி வைப்பதற்காக என்றே சிறுவயதில் எண்ணியிருந்தேன். அது முழு உண்மையன்று என்பதை, தில்லியில் என் விடுதி அறையில் மாதிரி ராக்கெட் ஒன்றைக் கட்டியபோதுதான் நன்றாக உணர்ந்தேன்.

காற்றில் பாயும் பொருளுக்கு இரண்டு மையங்கள் உண்டு. விரல்மேல் வைத்தால் சாயாமல் நிற்குமிடம் எடை மையம். பக்கவாட்டில் மோதும் காற்றின் தள்ளுதல் எல்லாம் கூடிச் செயற்படுமிடம் அழுத்த மையம். பறக்கும் ராக்கெட் எடை மையத்தைச் சுற்றியே திரும்பும். அழுத்த மையம் அதற்குப் பின்னால் இருந்தால், மூக்குச் சற்று விலகும்போது காற்று வாலைத் தள்ளி நேராக்கிவிடும். முன்னால் இருந்தாலோ, சிறு விலகலும் பெருகி, ராக்கெட் கரணம் போடும். யார்மேல் விழும் என்று சொல்ல முடியாது.

குச்சி, அழுத்த மையத்தைப் பின்னுக்கு இழுக்கிறது. 1780-இல் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் மைசூர்ப் படையினர் ஆங்கிலேயர்மேல் ஏவிய இரும்புக்குழாய் ராக்கெட்டுகளும் இவ்வாறு வால் கட்டியவையே. 1967 நவம்பர் 20-இல் தும்பாவிலிருந்து எழுந்த 75 மில்லிமீட்டர் விட்டமுள்ள நம் ரோகிணி ராக்கெட்டிலோ அவ்வேலையைச் சிறகுகள் செய்தன.

என் ராக்கெட்டின் நீளம் 80 சென்டிமீட்டர், விட்டம் 5. பாரோமன் என்னும் அமெரிக்கப் பொறியாளர் 1960-களில் வகுத்த முறைப்படி கணக்கிட்டதில், அழுத்த மையம் மூக்கிலிருந்து 55-இல் விழுந்தது. எடை மையம் 46-இல் இருந்தது. இரண்டுக்கும் இடையே குறைந்தது ஒரு விட்டத்தின் அளவு இடைவெளி வேண்டுமென்பது விதி. இங்கோ 9 சென்டிமீட்டர்! மகிழ்ந்து, ‘சோதித்தாயிற்று’ என்று படிவத்தில் கையெழுத்தும் இட்டுவிட்டேன்.

ஏவும் நாளுக்கு முந்தின மாலை, நண்பர் ஒருவர் கேட்டார்: “மோட்டாரை வைத்தா எடை மையம் பார்த்தீர்?”

நான் விழித்தேன். மோட்டார், ஏவும் குழுவினரிடம் இருந்தது. அதன் எடை 90 கிராம். ராக்கெட்டோ 240 கிராம். ஒரு குழாயில் 90 கிராம் மணல் அடைத்து, மோட்டார் இருக்க வேண்டிய 75-ஆம் சென்டிமீட்டரில் பொருத்தினேன். எடை மையம் 54-க்கு ஓடிவிட்டது. மிஞ்சிய இடைவெளி ஒரே ஒரு சென்டிமீட்டர்! அவ்விடத்தில் நூல் கட்டி மொட்டைமாடியில் தலைக்குமேல் சுழற்றினோம். மூக்கு முன்னே வரவில்லை; ராக்கெட் குறுக்கே கிடந்து தடுமாறியது.

“ஒரு சென்டிமீட்டர் இருக்கிறதே, போகட்டும்” என்று என் மனமே வாதாடியது. ஆனால் மறுநாள் அத்திடலில் நிற்கப்போகிறவர்கள் என் கையெழுத்தை நம்பி நிற்பவர்கள் அல்லவா?

மூக்கினுள், நுனியிலிருந்து 5 சென்டிமீட்டரில், 30 கிராம் களிமண்ணை அழுத்தி ஒட்டினேன். எடை மையம் 50-க்குச் சற்று முன்னே வந்தது. நீங்களும் கணக்கிட்டுப் பாருங்கள். மறுபடி சுழற்றினோம்; அம்புபோல் மூக்கு முன்னே வந்தது. கூடுதல் எடையைப் பாராசூட் தாங்குமா என்றும் பார்த்துக்கொண்டோம். பழைய படிவத்தைக் கிழித்துப் புதிதாக எழுதினேன்.

மறுநாள் நகருக்கு வெளியே, அனுமதி பெற்ற திடலில் ராக்கெட்டை வழிகாட்டிக் கம்பியில் மாட்டினார்கள். வேகம் வரும்வரை சிறகுக்கு வலுவில்லை. அதுவரை கம்பியே அதைத் தாங்கும். ராக்கெட் நேரே எழுந்து, காற்று வந்த திக்கில் சிறிதே சாய்ந்து, உச்சியில் பாராசூட்டை விரித்து இறங்கியது.

அன்று எல்லாரும் அண்ணாந்து பார்த்துக் கைதட்டினார்கள். நான் நினைத்துக்கொண்டதோ அந்த 30 கிராம் களிமண்ணை. நண்பர்களே, எதையும் அது பறக்கும் நிலையில் வைத்தே சோதியுங்கள். கையெழுத்தை அதற்குப் பின்னர் இடுங்கள்.