மடைவழி வரும் சர்வீஸ்

1895-இல் திறக்கப்பட்ட பெரியாற்று அணையின் நீர் மலையைக் குடைந்த சுரங்கவழியே கிழக்கே திரும்பி, வைகையில் சேர்ந்து, பேரணையில் கால்வாயாகப் பிரிந்து, மேலூர்ப் பக்கத்துக் கண்மாய்களை நிரப்புவதைக் கண்டு வளர்ந்த மதுரைச் சீமைக்காரருக்கு, டிபெண்டன்சி இன்ஜெக்ஷன் என்று கணினித் துறையார் வழங்கும் முறையை விளக்க நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. வயலுக்கு நீர் வேண்டுமென்றால் வயலுக்குள்ளேயே கிணறு வெட்டலாம். வேண்டியபோதெல்லாம் கண்மாய்க்குச் சென்று இறைத்து வரலாம். அல்லது நீர்க்கட்டி மடையைத் திறந்து முறைப்படி பாய்ச்சும் நீரை வரப்பில் நின்றபடியே பெறலாம். வெப் அப்ளிகேஷனில் ஒரு கிளாஸ் தனக்கு வேண்டிய சர்வீஸைப் பெறுவதும் இவ்வாறே.

மாட்டுத்தாவணிப் பூச்சந்தையின் கமிஷன் கடை ஒன்றுக்கு அப்ளிகேஷன் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லிக்குக் காலையில் ஒரு விலை, உச்சிப்பொழுதில் வேறொரு விலை. முகூர்த்த நாளிலோ சொல்லவே வேண்டாம். அன்றைய விலையைத் தர ஒரு சர்வீஸ், விவசாயியின் கணக்கை டேட்டாபேஸில் எழுத ஒன்று, அவருடைய கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி அனுப்ப ஒன்று என மூன்றும் பில் போடும் கிளாஸுக்கு அவசியம்.

அந்த கிளாஸ் மூன்றையும் 'நியூ' என்று தானே சிருஷ்டித்துக்கொள்வது கிணறு வெட்டுகிற வழி. ஒருவரே எழுதி ஒருவரே பராமரிக்கும் இருநூறு வரி நிரலுக்கு அதுவே போதும். அங்கே சர்வீஸ்களை உண்டாக்கித் தரும் பெரிய கண்டெய்னரைக் கொண்டுவந்து நிறுத்துவது வீண் சிரமம் என்றே சொல்வேன். ஆனால் நிரல் வளர்ந்து, பில் கணக்கைப் பரிசோதிக்கும் டெஸ்ட் ஓடும் ஒவ்வொரு தடவையும் எங்கோ உசிலம்பட்டியில் இருக்கும் விவசாயிக்கு உண்மையான குறுஞ்செய்தி போய்ச் சேரும்போதுதான், போலிச் சர்வீஸ் ஒன்றை அந்த இடத்தில் வைக்க வழியில்லாமல் போனதன் கஷ்டம் பிரத்தியட்சமாகும்.

இரண்டாவது, கண்டெய்னரிடம் கிளாஸே போய்க் கேட்டு வாங்கும் சர்வீஸ் லொக்கேட்டர். டிபெண்டன்சி இன்ஜெக்ஷன் என்ற பெயரைப் பரப்பிய 2004 ஜனவரிக் கட்டுரையில் மார்ட்டின் ஃபௌலர், சர்வீஸ்களை அமைப்பதையும் உபயோகிப்பதையும் பிரிப்பதே பிரதானம், லொக்கேட்டர், இன்ஜெக்ஷன் இவ்விரண்டில் எதைத் தேர்வது என்பது அத்தனை முக்கியமல்ல என்ற கருத்தைக் கூறினார். எனக்கு அதில் முழுச் சம்மதமில்லை. லொக்கேட்டரை நம்பும் கிளாஸுக்கு என்னென்ன வேண்டும் என்பதை அதன் முகத்தைப் பார்த்து அறிய முடியாது; உள்ளே நுழைந்து ஒவ்வொரு வரியாகத் துழாவ வேண்டும். மூன்றாவது வழியாகிய இன்ஜெக்ஷனில், மடைநீரைப் போலக் கன்ஸ்ட்ரக்டர்வழி வாங்கும் கிளாஸோ தன் தேவைகளை வாசலிலேயே எழுதி வைத்திருக்கிறது. அந்தப் பட்டியல் எட்டு, ஒன்பது என்று நீண்டால், அந்த கிளாஸ் தன் சக்திக்கு மீறிய காரியங்களைச் சுமக்கிறது என்பதும் அங்கேயே வெளிப்பட்டுவிடும். ஸ்பிரிங் ஃபிரேம்வொர்க்கில் ஃபீல்டின் மேல் 'ஆட்டோவயர்ட்' என்று எழுதிவிடும் சௌகரியம் இந்த வெளிச்சத்தை மறைத்துவிடுகிறது. ஆதலால் கன்ஸ்ட்ரக்டரையே தேர்க.

ஆனால் எவ்வழியில் பெறுவது என்பதைக் காட்டிலும், பெற்ற சர்வீஸ் எவ்வளவு காலம் உயிரோடிருக்க வேண்டும் என்பதே கனமான தீர்மானம். அனுபவசாலிகளும் இடறுவது இங்கேதான். 2016-இல் வெளிவந்த முதல் பதிப்பிலேயே கண்டெய்னரை உடன்கொண்டிருந்த ஏஎஸ்பி டாட் நெட் கோர் மூன்று ஆயுள்களை வகுக்கிறது. சிங்கிள்டன், ஊருக்கெல்லாம் பொதுவான கண்மாய். ஸ்கோப்டு, ஒருவருடைய பாசன முறை நடக்கும் வரை அவருக்கே உரிய நீர், அதாவது ஒரு ரிக்வெஸ்ட் முடியும்வரை. டிரான்சியன்ட், கேட்கும்போதெல்லாம் புதிதாக மொள்ளும் குடம். விலை எல்லோருக்கும் ஒன்றே ஆகையால், ஒரே சமயத்தில் பலர் கை வைத்தாலும் பிசகாதபடி எழுதப்பட்டிருந்தால், விலைச் சர்வீஸ் சிங்கிள்டனாக இருக்கலாம். டேட்டாபேஸைத் தொடும் டிபிகான்டெக்ஸ்டோ ஒரே வேளையில் பல திரெட்கள் உபயோகிக்கத் தக்கதன்று. அதை ஸ்கோப்டாகவே வைக்க வேண்டும்.

அந்த டிபிகான்டெக்ஸ்டை ஒரு சிங்கிள்டன் தன் கன்ஸ்ட்ரக்டரில் வாங்கிவிட்டால், முறை முடிந்தும் மடை அடைபடாமல், ஒருவருக்காகப் பிறந்தது அப்ளிகேஷன் ஓடும் காலமெல்லாம் சிறைப்பட்டுக் கிடந்து, அடுத்தடுத்து வருவோர் பழைய பதிவுகளைக் காணவும் கணக்குகள் ஒன்றோடொன்று கலக்கவும் இடமளிக்கும். டெவலப்மென்ட் சூழலில் இப்பிழையை ஏஎஸ்பி டாட் நெட் கோரே கண்டு நிறுத்திவிடும். புரொடக்ஷனில் அந்தக் காவல் இயல்பாக இராது. ஸ்பிரிங்கில் எதுவும் சொல்லாவிட்டால், கண்டெய்னர் உண்டாக்கும் ஒவ்வொரு பீனும் சிங்கிள்டனே. ஆகவே அதன் ஃபீல்டில் ஒரு விவசாயியின் பெயரை எழுதி வைப்பது மற்றொருவருக்கு அதைக் காட்டுவதற்குச் சமானம். பைத்தானின் ஃபாஸ்ட்ஏபிஐ ஒரே ரிக்வெஸ்டில் பல இடங்களில் கேட்கப்படும் சர்வீஸை ஒருமுறையே தயாரித்து எல்லா இடத்திற்கும் தரும்; சிறிய அப்ளிகேஷனுக்கு அது இதமானது.

இரவில் கமிஷன் தொகையைக் கூட்டி எழுதும் பின்னணிப் பணிக்கு ரிக்வெஸ்ட் என்பதே கிடையாது. அங்கே ஸ்கோப்பை நாமே திறந்து நாமே மூட வேண்டும். அதையும் எல்லா விவசாயிகளுக்குமாக ஒன்று திறந்தால் டிபிகான்டெக்ஸ்ட் அத்தனை பதிவுகளையும் சுமந்து நேரம் ஆக ஆக மந்தமாகும் என்பதால், விவசாயி ஒருவருக்கு ஒரு ஸ்கோப் என்று வைத்துக்கொள்வதையே நான் விரும்புகிறேன்.