பாடவேளைகளுக்கு இடையே ஒரு நிமிடம்

காலை வழிபாட்டுக் கூட்டம் முடிந்ததும் எமிஸ் செயலியில் வருகைப்பதிவு. அது முடிவதற்குள் புலனக் குழுவில், இன்றைக்குள் நிரப்பி அனுப்ப வேண்டிய ஒரு படிவம். அதற்கிடையில் முதல் பாடவேளைக்கான மணி. நம் பள்ளிகளில் பல நாள்கள் இப்படித்தான் தொடங்குகின்றன. இந்தப் பரபரப்பு நம்மோடு நிற்பதில்லை. எட்டாம் வகுப்பில் ஏற்பட்ட எரிச்சல், அடுத்த பாடவேளையில் ஆறாம் வகுப்புக் குழந்தையின் மீது இறங்கிவிடுகிறது. ஆகவே நிதானம் என்பது ஆசிரியரின் உடல்நலம் சார்ந்தது மட்டுமன்று. கற்பித்தலின் ஒரு பகுதியும் ஆகும்.

உடலில் என்ன நிகழ்கிறது?

அட்ரினலினை 'அவசரகால ஹார்மோன்' என்று பத்தாம் வகுப்பு அறிவியலில் நடத்துகிறோம். சிறுநீரகங்களின் மேல் அமைந்த அட்ரினல் சுரப்பி அதைச் சுரந்ததும் இதயம் விரைந்து துடிக்கிறது; தசைகள் இறுகுகின்றன. அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1915இல் வெளியிட்ட நூலில் இதை விளக்கினார். பாம்பைக் கண்டு ஓடுபவருக்கு இந்த ஏற்பாடு உதவும். படிவம் நிரப்புபவருக்கு உதவாது.

இதயத்தை 'மெதுவாகத் துடி' என்று நாம் ஆணையிட முடியாது. ஆனால் மூச்சை மெதுவாக்க முடியும். மணிக்கட்டில் விரல் வைத்துப் பாருங்கள். மூச்சை உள்ளிழுக்கும்போது நாடித்துடிப்பு சற்று விரையும், வெளிவிடும்போது தணியும். இது வேகஸ் நரம்பின் செயல். வெளிமூச்சை நீட்டினால் உடல் அமைதியடைவதற்கு இதுவே அடிப்படை.

நான்கு எளிய பயிற்சிகள்

1. வகுப்பறை வாசலில் நின்று, மனத்துக்குள் 4 எண்ணும் வரை மூச்சை இழுத்து, 6 எண்ணும் வரை மெல்ல வெளிவிடுங்கள். 6 முறை செய்தால் ஒரு நிமிடம் ஆகும். மூச்சை அடக்க வேண்டாம். தலைசுற்றினால் நிறுத்திவிடுங்கள்.

2. தோள்களைக் காதுவரை உயர்த்தி 5 விநாடி இறுக்கி, பின் தளரவிடுங்கள். இறுக்கித் தளர்த்தும் இம்முறையை எட்மண்ட் ஜேக்கப்சன் 1929ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார்.

3. வினா கேட்டபின் 3 விநாடி காத்திருங்கள். ஆசிரியர்கள் பொதுவாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்பதை மேரி பட் ரோ என்ற அறிவியல் கல்வி ஆய்வாளர் கண்டறிந்தார். 3 விநாடி காத்திருந்தபோது மாணவர்களின் விடைகள் நீண்டன. விடையே சொல்லாமல் இருப்பது குறைந்தது. என் ஏழாம் வகுப்பில் ஒரு மாணவி எழுந்து நின்று வெகுநேரம் யோசிப்பாள். மற்றவர்களைக் கையமர்த்திவிட்டுக் காத்திருந்தால் முழு வாக்கியத்தில் விடை சொல்கிறாள். அந்த அமைதி எனக்கும் ஓய்வாக இருக்கிறது.

4. காலையில் ஒரு தாளில் வேலைகளை 'இன்றே', 'இந்த வாரம்', 'பிறரிடம் கேட்க வேண்டியவை' என மூன்றாகப் பிரித்து எழுதுங்கள். 'இன்றே' என்பதன் கீழ் வருபவை நாம் அஞ்சியதைவிடக் குறைவாகவே இருக்கும்.

மாணவர்களுக்கும் உரியது

முதல் பயிற்சியைத் தேர்வுத்தாள் வழங்கும் முன் மாணவர்களோடு சேர்ந்து செய்யலாம். ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் பயிற்சிக்கு முன்னும் பின்னும் நாடித்துடிப்பை எண்ணி எழுதச் சொன்னால் அதுவே ஓர் அறிவியல் செயல்பாடு ஆகிவிடும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். மூச்சுப் பயிற்சியால் வேலைப்பளு குறையாது. அதைத் தலைமையாசிரியரிடமும் குறுவள மையக் கூட்டத்திலும் பேசித்தான் குறைக்க வேண்டும். பதறாமல் பேச இப்பயிற்சி துணைசெய்யும். வாரக்கணக்கில் உறக்கமின்மையோ, எதிலும் நாட்டமின்மையோ நீடித்தால் மருத்துவரை அணுகுங்கள். டெலி மானஸ் உதவி எண் 14416இல் 24 மணி நேரமும் கட்டணமின்றிப் பேசலாம்.

நான்கையும் ஒரே நாளில் தொடங்க வேண்டியதில்லை. ஒரு வகுப்பைத் தேர்ந்து, இரு வாரங்களுக்கு 3 விநாடிக் காத்திருப்பை மட்டும் செய்து பாருங்கள். இதுவரை வாய் திறக்காத எத்தனை பேர் விடை சொன்னார்கள் என்று பாடக்குறிப்பேட்டின் ஓரத்தில் குறித்து வாருங்கள்.