மிஸ்ஸியாக ஆசையா? முதலில் இந்த ஆறையும் தெரிந்துகொள்ளுங்கள்

கல்முனை பஸார் துணிக்கடைகளிலும் பாமசிகளிலும், சவளக்கடைப் பக்கத்து முன்பள்ளிகளிலும் வேலை செய்யும் பிள்ளைகள் சிலருக்கு எப்படியாவது மிஸ்ஸியாக, அதாவது தாதியாக, ஆகிவிட வேண்டும் என்று ஆசை. அந்த ஆசை வீணாகக் கூடாது. ஆனால் யாரோ சொன்னதை நம்பி, மிச்சம் பிடித்த சம்பளத்தைப் பொருந்தாத வகுப்புக்குக் கட்டிவிட்டுக் காசையும் காலத்தையும் இழப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்த ஆறு நம்பிக்கைகளும் அவற்றின் உண்மையும்.

நம்பிக்கை 1: ஆறு மாத சேர்ட்டிபிகேட் எடுத்தால் தாதியாகிவிடலாம்.

உண்மை: ஆக முடியாது. தாதியரைப் பதிவு செய்ய, 1988ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இலங்கைத் தாதியர் பேரவை இருக்கிறது. அரச தாதியர் பயிற்சிக் கல்லூரியில் டிப்ளோமா மூன்று வருடம், பல்கலைக்கழகப் பட்டம் நான்கு வருடம். நமக்கு அருகே மட்டக்களப்பில் பயிற்சிக் கல்லூரியும் உண்டு, கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பட்டப்படிப்பும் உண்டு. குறுங்கால வகுப்புகள் தருவது தாதி உதவியாளர், பராமரிப்பாளர் வேலைக்கான பயிற்சி. அதுவும் கண்ணியமான தொழில்தான், ஆனால் வேறு தொழில். சவூதிக்குத் தாதியாகப் போக நினைத்தாலும் முறையான டிப்ளோமாவோ பட்டமோ கேட்பார்கள். சான்றிதழைக் கொடுத்த இடத்திலேயே விசாரித்து உறுதி செய்த பிறகு பரீட்சையும் வைப்பார்கள். காசு கட்டுமுன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இதை முடித்தால் தாதியர் பேரவையில் பதியலாமா?"

நம்பிக்கை 2: வேலையை விடாமலே தாதியர் பயிற்சியை முடிக்கலாம்.

உண்மை: இங்கே முடியாது. அமெரிக்காவில் இருக்கும் உறவுக்காரர் அங்கத்தைய நடைமுறையைச் சொல்லியிருப்பார். அங்கே உடற்கூற்றியல், உடற்றொழிலியல், நுண்ணுயிரியல் பாடங்களைச் சமூகக் கல்லூரியில் மாலை வகுப்பாக முடித்துவிட்டுத் தாதியர் கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாம். நமது ஊரில் அந்த இடத்தில் இருப்பது உயர்தரப் பரீட்சை. அரச பயிற்சி முழுநேரம்: விரிவுரையும் உண்டு, வார்ட் டியூட்டியும் உண்டு. வேறு வேலைக்கு இடமே இல்லை. ஆனால் பயிற்சிக் காலத்தில் மாதக் கொடுப்பனவு கிடைக்கும், கைச்செலவுக்கு வீட்டை மட்டுமே நம்பியிருக்கத் தேவையில்லை. ஆகவே வேலையையும் படிப்பையும் சேர்த்துச் சுமக்க வேண்டிய காலம் பயிற்சிக்கு முந்தியது.

நம்பிக்கை 3: வேலைக்குப் போகிறவரால் விஞ்ஞானம் படிக்க முடியாது.

உண்மை: கஷ்டம்தான், முடியாததல்ல. பல்கலைக்கழகத் தாதியர் பட்டத்துக்கு உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் வேண்டும். அரச பயிற்சிக்கும் நெடுங்காலமாக விஞ்ஞானப் பிரிவினரிலிருந்தே ஆள் எடுத்து வந்தார்கள். பாடசாலையை விட்டவர் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக உயர்தரத்துக்குத் தோற்றலாம். பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவைதான் கணக்கில் எடுப்பார்கள் என்பதால், ஆயத்தமில்லாமல் எழுதி ஒரு தடவையை வீணாக்காதீர்கள். கடை பூட்டி வீடு வந்த பிறகு புதுப் பாடம் மண்டையில் ஏறாது. புதுப் பாடத்தை சுபஹுக்குப் பிறகு வைத்துக்கொண்டு, இரவில் கடந்தகால வினாத்தாள் செய்யுங்கள். முதலாம் வினாத்தாளில் இரண்டு மணித்தியாலத்தில் ஐம்பது பல்தேர்வு வினாக்கள். அந்த வேகம் பழகினால்தான் வரும். மாரியில் கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாய்ந்தால் சவளக்கடைப் பக்கத்தவருக்குக் கல்முனை வகுப்புக்குப் போக வழியில்லை. 2024 நவம்பரில் வெள்ளத்தால் உயர்தரப் பரீட்சையையே இடையில் நிறுத்தினார்கள். ஆகவே முக்கியமான பாடங்களை மழைக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

நம்பிக்கை 4: கணக்கும் இங்கிலிஷும் இதற்குத் தேவையில்லை.

உண்மை: ஒரு லீற்றர் சேலைனை எட்டு மணித்தியாலத்தில் ஏற்றச் சொல்கிறார் டொக்டர். மில்லிலீற்றருக்கு 20 துளி விழும் செட் என்றால் மொத்தம் 20,000 துளி. அதை 480 நிமிடத்தால் பிரித்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 42 துளி. இருதய நோயாளிக்கு இது பிழைத்து வேகமாக ஏறினால் மூச்சு முட்டிவிடும். நோயாளியின் பெட் ஹெட் டிக்கட்டில் மருந்தின் பெயரும் அளவும் இங்கிலிஷில்தான் இருக்கும். வேலைக்குப் போகும் காலத்திலேயே இந்த இரண்டையும் தீட்டிக்கொள்ளலாம். பாமசியில் நிற்பவருக்கு மருந்துப் பெயர்கள் தினமும் கண்முன்னேதான் இருக்கின்றன.

நம்பிக்கை 5: முஸ்லிம் பெண் பிள்ளைகளுக்கு இந்தத் தொழில் சரிவராது.

உண்மை: நபியவர்களின் காலத்திலேயே ருபைதா அல் அஸ்லமிய்யா மதீனாப் பள்ளிவாசலில் கூடாரம் அடித்துக் காயப்பட்டவர்களுக்குப் பணிவிடை செய்தார். இன்று அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையிலோ கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலையிலோ பிரசவ வலியோடு கிடக்கும் தாய், தன் பாஷை பேசும் ஒரு பெண் பக்கத்தில் நிற்பதைத்தான் விரும்புவாள். இரவு டியூட்டிதான் உம்மா வாப்பாவின் கவலை என்றால், போக்குவரத்தைப் பற்றி உட்கார்ந்து பேசி ஒழுங்கு செய்யுங்கள். தீர்க்கக்கூடிய ஒரு சிக்கலுக்காகத் தொழிலையே மறுப்பது பிள்ளைக்குச் செய்யும் அநியாயம்.

நம்பிக்கை 6: டிப்ளோமாவோடு படிப்பு முடிந்தது.

உண்மை: இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் வேலையிலுள்ள தாதியருக்காக 1994இல் பட்டப்படிப்பைத் தொடங்கியது. சம்பளத்தோடு படிக்க நினைப்பவருக்கு ஏற்ற கட்டம் அதுதான்.

இந்தக் கிழமையே செய்ய வேண்டியது இதுதான். சாதாரண தரம், உயர்தரம் இரண்டின் பெறுபேறுகளையும் எடுத்து, கடைசியாக வெளியான தாதியர் பயிற்சி வர்த்தமானி அறிவித்தலோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். வயதெல்லை, பரீட்சை எழுதிய ஆண்டு, கேட்கும் பாடங்கள் மூன்றையும் பாருங்கள். நிபந்தனைகள் ஆட்சேர்ப்புக்கு ஆட்சேர்ப்பு மாறும், பழைய அறிவித்தலை நம்ப வேண்டாம். குறையும் பாடம் எது என்று தெரிந்த பிறகு அதற்கு மட்டும் காசையும் நேரத்தையும் ஒதுக்குங்கள். அதுவரை கையிலிருக்கும் வேலையை விடாதீர்கள்.