விளக்கு மினுக்குது, ஆட்டம் வரலே! – பழைய வீடியோ கேமில் பவர் கோளாறு கண்டறிதல்



டிப்ளமா படிக்கிறவன் வீட்டில் எது ரிப்பேர் ஆனாலும், "நீதான் எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிறியே, பாரேன்" என்று கையில் கொடுத்துவிடுவார்கள். அப்படி என் கைக்கு வந்ததுதான் நின்டெண்டோ என்.இ.எஸ். வீடியோ கேம். என் மாமா அமெரிக்காவில் இருந்தபோது வாங்கியது. பல வருஷம் பரணில் கிடந்தது. "என் பொண்ணுகிட்ட காட்டணும் மாப்ளே, எப்படியாவது ஓட வெச்சிடு" என்றார். ஓட வைத்தேன். ஆனால் அதற்கு முன் இரண்டு தப்பு செய்தேன். நீங்களும் அதையே செய்யக்கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதல் தப்பு: லேபிளைப் படிக்கவில்லை

அடாப்டரில் தட்டையான இரண்டு பின். நம் பிளக் பாயின்ட்டில் நுழையவில்லை. கன்வர்ஷன் பிளக் போட்டுச் சொருகினேன். 'உர்ர்ர்' என்று ஒரு சத்தம், பிறகு ஒரு வாடை, அத்துடன் சரி. பிடுங்கிப் பார்த்தால் லேபிளில் தெளிவாக எழுதியிருக்கிறது: உள்ளீடு 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ், வெளியீடு 9 வோல்ட் ஏ.சி., 1.3 ஆம்பியர். அதற்கு 230 வோல்ட்டைக் கொடுத்தால் என்ன ஆகும்? டிரான்ஸ்பார்மரின் கோர் சாச்சுரேட் ஆகிவிடும், பிரைமரியில் அளவுக்கு மீறிய கரன்ட் ஓடும், வைண்டிங் கருகும். தியரி பேப்பரில் நாம் எழுதுகிற அதே விஷயம்தான்! பின் நுழையாதபோதே 'நில்லு' என்று அது சொல்லியிருக்கிறது. எனக்குத்தான் கேட்கவில்லை.

வெளியீடு ஏ.சி. என்பதைக் கவனித்தீர்களா? ஜப்பானில் 1983-இல் வந்த ஃபேமிகாமுக்கு அடாப்டர் 10 வோல்ட் டி.சி., 850 மில்லி ஆம்பியர், பிளக்கின் நடு முனை நெகடிவ். அதையே மாற்றியமைத்து 1985-இல் அமெரிக்காவில் விட்ட என்.இ.எஸ்.ஸுக்கு 9 வோல்ட் ஏ.சி. காரணம், பிரிட்ஜ் ரெக்டிபையர் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. ஃபேமிகாமில் அது கிடையாது. ஏ.சி. அடாப்டரைத் தெரியாமல் அதில் மாட்டினால் எலெக்ட்ரோலிடிக் கெபாசிட்டருக்குத் தலைகீழ் வோல்டேஜ் போகும், ரெகுலேட்டரும் போய்விடலாம். 1990-களில் நம் ஊர்க் கடைகளில் விற்ற கேசட் போடும் டி.வி. கேம்களில் பல, ஃபேமிகாமின் நகல்களே. எனவே பிளக் பொருந்துகிறது என்பதற்காக மாட்டிவிடாதீர்கள். வோல்டேஜ், ஏ.சி.யா டி.சி.யா, நடு முனை எது, எத்தனை ஆம்பியர் – இந்த நான்கையும் பார்த்த பிறகே மாட்ட வேண்டும்.

இரண்டாவது தப்பு: அளக்காமல் கழற்றினேன்

230 வோல்ட் பிரைமரி உள்ள 9-0-9 டிரான்ஸ்பார்மர், 2 ஆம்பியர் ஒன்றை வாங்கி, ஒரு பக்கத்து 9 வோல்ட்டை மட்டும் எடுத்து, பிரைமரியில் ஃபியூஸ் போட்டு, மூடிய பெட்டிக்குள் வைத்தேன். முதல் தடவை சீரிஸ் லேம்ப் வைத்தே கரன்ட் கொடுத்தேன் (சூடு கண்ட பூனை!). பவர் பட்டனை அழுத்தினால், சிவப்பு விளக்கு நொடிக்கு ஒரு தடவை மினுக்கு மினுக்கு என்று மினுக்குகிறது. திரையில் ஆட்டம் இல்லை.

"ரெகுலேட்டர் அவுட்" என்று நானே முடிவு செய்து 7805-ஐக் கழற்றினேன். அவசரத்தில் போர்டின் காப்பர் டிராக்கும் சேர்ந்து உரிந்து வந்தது. ஜம்பர் ஒயர் வைத்து, புதிய 7805 போட்டேன். மறுபடியும் அதே மினுக்கல்!

லேப் சாரிடம் கொண்டுபோனேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "கழட்டறதுக்கு முன்னாடி அவுட்புட் எவ்வளவுப்பா இருந்துச்சு?" என்னிடம் பதில் இல்லை. மீட்டரை வைத்துப் பார்த்தோம். விளக்கு மினுக்குகிறது, ஆனால் 7805-இன் மூன்றாவது காலில் 5 வோல்ட் அசையாமல் நிற்கிறது. பவர் சப்ளை நன்றாகத்தான் இருக்கிறது!

பிறகுதான் விஷயம் புரிந்தது. என்.இ.எஸ்.ஸில் ஒரு பூட்டு ஐ.சி. உண்டு. கேசட்டுக்குள் அதன் ஜோடி ஐ.சி. இருக்கும். இரண்டும் பேசிக்கொள்ள முடியாவிட்டால், பூட்டு ஐ.சி. ஏறக்குறைய நொடிக்கு ஒரு தடவை பிராசசரை ரீசெட் செய்துகொண்டே இருக்கும். அதுதான் மினுக்கல். எனக்கு வந்தது பவர் கோளாறே இல்லை; கேசட் நுழையும் 72 பின் கனெக்டரில் அழுக்கு. ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்துக் கேசட் முனைகளையும் கனெக்டரையும் துடைத்தோம். ஆட்டம் வந்துவிட்டது. (வாயால் ஊதாதீர்கள். எச்சில் ஈரம் பட்டால் முனை துருப்பிடிக்கும்.)

சரியான வரிசை

சுவரிலிருந்து ஐ.சி.யை நோக்கிப் போங்கள். ஒவ்வொரு படியிலும் அளந்து, நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

1. அடாப்டர்: முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு இரு பின்களுக்கிடையே ஓம்ஸ் பாருங்கள். எல்லையில்லை என்று காட்டினால் பிரைமரி ஓப்பன். நன்றாக இருந்தால் கரன்ட் கொடுத்து வெளியீட்டை அளவிடுங்கள். லோடு இல்லாதபோது 9-ஐவிடக் கூடவே காட்டும், பயப்பட வேண்டாம்.

2. ஜாக்: வயரை லேசாக அசைத்தால் விட்டு விட்டு வருகிறதா? ஜாக்கின் சோல்டரில் வெடிப்பு இருக்கும்.

3. கெபாசிட்டர்: 9 வோல்ட் ஏ.சி.யின் உச்சம் 12.7 வோல்ட். பிரிட்ஜில் இரண்டு டையோடுக்கு 1.4 போனால் 11.3. இங்கே உள்ளது 2200 மைக்ரோஃபாரட். லோடு 0.5 ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால், 50 ஹெர்ட்ஸில் ஒவ்வொரு அரைச் சுற்றிலும் அதிகபட்சம் 2.3 வோல்ட் இறங்கும். மீதி 9. போதும். கெபாசிட்டர் காய்ந்து 1000 ஆகிவிட்டால் 5 வோல்ட் இறங்கி, மீதி 6.3 தான். 7805-க்கு 7 வோல்ட்டாவது வேண்டும். திரையில் கோடு கோடாக ஓடினால் முதல் சந்தேகம் இதன்மேல்தான்.

4. ரெகுலேட்டர்: முதல் கால் உள்ளீடு, நடுக்கால் கிரவுண்ட், மூன்றாவது கால் வெளியீடு. 4.75 முதல் 5.25 வரை இருந்தால் பாஸ். பத்து நிமிஷம் ஓடி நின்று, ஆறினபின் மறுபடி ஓடுகிறதா? சூடு தாங்காமல் 7805 தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது. உள்ளீடு 11, வெளியீடு 5, கரன்ட் 0.5 என்றால் வித்தியாசமான 3 வாட் முழுவதும் வெப்பம்தான். ஹீட் சிங்க் ஸ்குரூவையும் பேஸ்டையும் பாருங்கள்.

5. ஷார்ட்: உள்ளீடு சரி, வெளியீடு பூஜ்யம் என்றாலும் உடனே ரெகுலேட்டரைக் கழற்றாதீர்கள். கரன்ட்டை நிறுத்தி, கெபாசிட்டர் இறங்கியபின், 5 வோல்ட் லைனுக்கும் கிரவுண்டுக்கும் இடையே ஓம்ஸ் பாருங்கள். பூஜ்யத்துக்கு அருகில் இருந்தால் குற்றவாளி வேறு எங்கோ. கேசட்டை எடுத்துவிட்டும் ஒரு தடவை பாருங்கள்.

6. 5 வோல்ட் நிலையாக இருந்தும் ஆட்டம் இல்லையா? பவர் பகுதியை மூடிவிட்டு கனெக்டரிடம் போங்கள்.

மாமா பெண் இப்போது விளையாடுகிறாள். ஆனால் நான் உரித்த டிராக்கின் இடத்தில் அந்த ஜம்பர் ஒயர் இன்னும் இருக்கிறது. நல்ல பாகத்தைக் கழற்றியதற்குக் கிடைத்த சர்டிபிகேட் அது!

நாளைக்கு நாம் வேலைக்குப் போகும் இடத்தில் இருக்கப்போவது மாமாவின் விளையாட்டுப் பெட்டி அல்ல. யாரோ ஒருவருடைய பிழைப்புக்கான மெஷினாக இருக்கலாம். எனவே தோழர்களே, சோல்டரிங் அயர்னைத் தொடுவதற்கு முன் மீட்டரைத் தொடுங்கள்!