மலைச்சரிவில் வீடு: மழைநீருக்கு முதலில் வழி

குடகு, வயநாடு, நீலகிரி, இமாசலப் பிரதேசம், உத்தராகண்ட் முதலிய மலைப்பகுதிகளில் வீடு கட்டவோ, கட்டிய வீட்டை வாங்கவோ வங்கியை நாடுவோர் பலர். அவர்கள் அளிக்கும் திட்ட மதிப்பீட்டில் தரைக்கல், மரவேலை, வண்ணப்பூச்சு ஆகியவற்றுக்குத் தனித்தனியே தொகை குறிக்கப்பட்டிருக்கும். ஆனால், மனையின் மேற்புறத்திலிருந்து இறங்கிவரும் மழைநீரை எங்கே பிடித்து, எவ்வழியே கொண்டுசென்று, எங்கே விடுவது என்பதற்குப் பல வேளைகளில் ஒரு வரிகூட இராது. சமவெளியில் இக்குறையைப் பின்னர் ஓரளவு சரிசெய்துகொள்ளலாம். சரிவில் வீடு எழும்பிவிட்டால், அதன் பின்புறத்தில் ஆள் நின்று மண் தோண்டுவதற்கும் இடம் இருப்பதில்லை. ஆகவே சரிவு நிலத்தில் வடிகால் என்பது கடைசிச் செலவன்று, முதற் செலவு.

நீர் செய்யும் தீங்குகள்

சரிவில் மழைநீர் மூன்று வகையில் வீட்டைத் தாக்குகிறது. மேற்பரப்பில் விரைந்தோடும் நீர், அடித்தளத்தை ஒட்டிய மண்ணை அரித்துச் செல்கிறது. உள்ளே ஊறும் நீர், மண்ணின் எடையைக் கூட்டுவதோடு மண் துகள்களின் பிடிப்பையும் தளர்த்துகிறது. சுவருக்குப் பின்னால் தேங்கும் நீர், சுவரை முன்னோக்கித் தள்ளுகிறது.

இம்மூன்றில் பலரும் கருதிப் பாராதது கடைசியானதே. 2 மீட்டர் உயரமுள்ள தாங்கு சுவரின் பின்னால் மேல்விளிம்பு வரை நீர் நின்றால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தின் மீதும் ஏறத்தாழ 2 டன் விசை அழுத்தும். 10 மீட்டர் நீளச் சுவருக்கு அது 20 டன். மண்ணின் அழுத்தம் இதற்கு மேல் தனி. சுவரைத் தடிப்பாகக் கட்டுவதைக் காட்டிலும், நீர் தேங்காமல் வெளியேற வழி செய்வதே செலவு குறைந்த பாதுகாப்பாகும்.

உத்தராகண்டிலுள்ள ஜோஷிமட நகரம் பழைய நிலச்சரிவுச் சிதைவுகளின் மேல் அமைந்தது. அந்நகரை ஆராய்ந்த மிஸ்ரா குழு, நீர் மண்ணுக்குள் ஊறுவதைத் தடுக்க உறுதியான வடிகால் அமைப்பு வேண்டும் என்று 1976ஆம் ஆண்டிலேயே வலியுறுத்தியது. 2023 சனவரியில் அங்கு நூற்றுக்கணக்கான வீடுகளில் விரிசல் கண்டது. அதற்குக் காரணங்கள் பல. முறையான வடிகால் இன்மையும் அவற்றுள் ஒன்று.

ஓர் எளிய கணக்கு

1 சதுர மீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் நீர் கிடைக்கும். இந்த ஒன்றை நினைவிற் கொண்டால் போதும்.

மடிக்கேரியில் ஒரு மனையைக் கற்பனை செய்துகொள்வோம். வீட்டின் கூரை 100 சதுர மீட்டர். வீட்டுக்கு மேலே 15 மீட்டர் அகலமும் 30 மீட்டர் நீளமும் கொண்ட சரிவு, அதாவது 450 சதுர மீட்டர். ஒரு மணி நேரத்தில் 50 மி.மீ. மழை பெய்கிறது. கூரையிலிருந்து விழுவது 5,000 லிட்டர். சரிவில் விழுவது 22,500 லிட்டர். ஏற்கெனவே நனைந்து ஊறிய மண்ணாதலால் அதில் பாதி வழிந்தோடுவதாகக் கொண்டால் 11,250 லிட்டர். இரண்டும் சேர்ந்து 16,250 லிட்டர். நொடிக்கு ஏறத்தாழ நாலரை லிட்டர்.

30 செ.மீ. அகலமும் அதே ஆழமும் உடைய வாய்க்கால், 100 மீட்டருக்கு 1 மீட்டர் வாட்டத்தோடு கட்டப்பட்டால், இந்த நீரைத் தாராளமாகக் கொண்டுசெல்லும். எனவே வாய்க்கால் தவறுவது பெரும்பாலும் அளவினால் அன்று. வாட்டம் இன்மையாலும், இலைச் சருகும் மண்ணும் அடைத்துக்கொள்வதாலுமே. தங்கள் மனைக்கு மேலே தேயிலைத் தோட்டமோ சாலையோ இருந்தால், அங்கிருந்து வரும் நீரையும் இக்கணக்கில் சேர்த்தல் வேண்டும்.

மேலிருந்து கீழாக

நீர் இறங்கும் அதே வரிசையில் வேலைகளைத் திட்டமிடுவது நலம்.

1. வீட்டுக்கு மேலே, சரிவுக்குக் குறுக்காக, நீரை இடைமறிக்கும் வாய்க்கால் அமைக்க வேண்டும். அது அடித்தளத்திலிருந்தும் மண்வெட்டு விளிம்பிலிருந்தும் விலகியிருத்தல் வேண்டும். அடிப்பகுதி சிமெண்டால் பூசப்படாவிடில், வாய்க்காலே நீரை மண்ணுக்குள் ஊட்டும் குளமாகிவிடும்.

2. வீட்டைச் சுற்றியுள்ள தரை, சுவரிலிருந்து வெளிநோக்கி 3 மீட்டருக்கு 15 செ.மீ. அளவு தாழ வேண்டும். மேற்புறச் சுவரை ஒட்டியும் இந்த வெளிவாட்டம் இருத்தல் இன்றியமையாதது. அங்குத் தரை இயல்பாகவே வீட்டை நோக்கிச் சாய்ந்திருக்கும்.

3. கூரை விளிம்பில் நீரை ஏந்தும் அரைவட்டக் குழாய் பொருத்தி, அந்நீரை மூடிய குழாய் வழியே வாய்க்காலில் சேர்க்க வேண்டும். ஓட்டிலிருந்து நேரே மண்ணில் விழும் நீர் ஒரு பருவத்திலேயே பள்ளம் பறித்துவிடும்.

4. தாங்கு சுவரில் 75 முதல் 100 மி.மீ. விட்டமுள்ள கசிவுத் துளைகளை ஏறத்தாழ 1.5 மீட்டர் இடைவெளியில் விட வேண்டும். துளைகளின் பின்னால் ஜல்லி நிரப்பி, ஜல்லிக்கும் மண்ணுக்கும் இடையே வடிகட்டித் துணி விரிக்க வேண்டும். துணி இல்லையேல் மண் புகுந்து ஜல்லி அடைபடும்; துளைகள் இருந்தும் பயன் தாரா.

5. செங்குத்தாக இறங்கும் வாய்க்காலைப் படிப்படியாகக் கட்டினால் நீரின் வேகம் குறையும். இடையிடையே வண்டல் தங்கும் சிறு தொட்டிகளும், முடிவில் நீர் விழும் இடத்தில் கல்பாவிய தரையும் தேவை.

மழைநீர்ச் சேகரிப்பில் ஓர் எச்சரிக்கை

தமிழகத்தில் 2003ஆம் ஆண்டு மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது முதல், மழைநீரை மண்ணுக்குள் இறக்குவது நன்று என்பது நம் மனத்தில் பதிந்துள்ளது. சமவெளிக்கு அது பொருந்தும். சரிவில், வீட்டுக்கு மேலேயோ தாங்கு சுவருக்குப் பின்னாலோ உறிஞ்சுகுழி தோண்டுவது, நாம் வெளியேற்ற விரும்பும் நீரையே உள்ளே அழைப்பதாகும். அங்கு நீர் கசியாத தொட்டியில் சேமிப்பதே ஏற்றது. தொட்டி நிரம்பி வழியும் நீருக்கும் வாய்க்காலில் இணைப்புத் தருதல் வேண்டும். கழிவுநீர்த் தொட்டியின் உறிஞ்சுகுழிக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும்.

அண்டை நிலத்தார்

1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டத்தின் 7ஆவது பிரிவு, மேல்நிலத்தில் விழுந்து, வரையறுத்த வாய்க்காலின்றி இயல்பாகக் கீழ்நிலத்துக்கு ஓடும் நீரைக் கீழ்நிலத்தார் அனுமதிக்க வேண்டும் என்பதை உரிமைக்கு எடுத்துக்காட்டாகக் கூறுகிறது. 'இயல்பாக' என்னும் சொல்லைக் கவனிக்க. நீரைக் குழாயில் திரட்டி அண்டை வீட்டாரின் மனையில் கொட்டுவது இயல்பான ஓட்டம் ஆகாது. நீர் சென்று சேரும் பொது வாய்க்காலையோ ஓடையையோ கட்டுமானத்துக்கு முன்பே உறுதிசெய்து, தேவையாயின் அண்டை நிலத்தாரின் இசைவை எழுத்தில் பெறுவது பிற்காலப் பூசலைத் தவிர்க்கும்.

கடனும் காப்பீடும்

தாங்கு சுவர், வாய்க்கால், கசிவு வடிகால் ஆகியவற்றைப் பொறியாளரின் திட்ட மதிப்பீட்டிலேயே சேர்க்கச் செய்யுங்கள். வீட்டுக்கடன் மதிப்பீட்டின் அடிப்படையில் வழங்கப்படுவது. அதில் இடம்பெறாத வேலைக்குப் பின்னர் தனிநபர் கடன் பெற நேர்ந்தால், வட்டி பொதுவாகக் கூடுதலாகவே இருக்கும்.

2021 ஏப்ரல் 1 முதல் காப்பீட்டு நிறுவனங்கள் வழங்கும் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்னும் பொதுவடிவக் காப்பீடு, வெள்ளம், நிலச்சரிவு, நிலம் அமிழ்தல் ஆகியவற்றால் நேரும் இழப்பை ஏற்கிறது. எனினும் நிலச்சரிவு, நிலம் அமிழ்தல் தொடர்பில் சில விலக்குகள் உண்டு: புதுக் கட்டடத்தின் இயல்பான விரிசலும் அமர்வும், மண் கொட்டி நிரப்பிய தரையின் அசைவு, குறையுள்ள வடிவமைப்பு அல்லது வேலைப்பாடு, மண் தோண்டும் பணி ஆகியவற்றால் விளையும் இழப்பு ஏற்கப்படாது. சரிவை வெட்டி நிரப்பிக் கட்டும் வீட்டுக்கு இவ்விலக்குகள் நேரடியாகப் பொருந்தக்கூடியவை. ஆகவே காப்பீடு வடிகாலுக்கு மாற்றாகாது, இரண்டும் வேண்டும். வடிகாலின் வரைபடம், ஒளிப்படங்கள், செலவுச் சீட்டுகள் ஆகியவற்றைப் பத்திரத்தோடு சேர்த்துப் பாதுகாத்து வைக்கவும்.

வாங்கும் முன்னும் மழைக்கு முன்னும்

2024 சூலை 30 அன்று வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளை அழித்த நிலச்சரிவு, ஊருக்கு மிக மேலே மலையில் தொடங்கியது. அத்தகைய பேரழிவை எந்த வீட்டு வடிகாலும் தடுத்துவிட இயலாது. அங்கு இடத்தேர்வு ஒன்றே காப்பு. இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம் நிலச்சரிவு வாய்ப்புள்ள பகுதிகளை 1:50,000 அளவில் வரைபடமாக்கியுள்ளது. மனைக்கு முன்பணம் தரும் முன் அதனைப் பார்ப்பதும், மனையை ஒருமுறை மழைக்காலத்தில் நேரிற் சென்று காண்பதும் நன்று.

ஏற்கெனவே சரிவில் வசிப்போர், பருவமழைக்கு ஒரு மாதம் முன்னர் வாய்க்காலையும் வண்டல் தொட்டிகளையும் தூர்வாரிக் கசிவுத் துளைகளைச் சோதித்துக்கொள்ள வேண்டும். முதற் பெருமழையின்போது குடையோடு வெளியே வந்து, நீர் எங்கே தேங்குகிறது, துளைகளிலிருந்து கசிகிறதா எனப் பார்த்துக் குறித்துக்கொள்ளவும். பலத்த மழை பெய்தும் துளைகள் வறண்டிருந்தால் அவை அடைபட்டிருக்கலாம். சுவர் முன்னோக்கிப் பிதுங்குதல், தரையில் புதிய நீள்விரிசல், மரங்களோ கம்பங்களோ சாய்தல், கதவு திடீரென இறுகுதல் ஆகியவற்றில் எது தென்படினும், மழை ஓயும்வரை காத்திராமல் குடும்பத்தோடு பாதுகாப்பான இடத்துக்குச் சென்று, உள்ளாட்சி அலுவலகத்துக்குத் தெரிவிக்கவும். பொறியாளரை அழைத்து ஆராய்வதும் சுவரைச் சீர்செய்வதும் அதன் பின்னரே.