மூடினால் லேப்டாப் தூங்கிவிடுமா?

கேள்வி: தினமும் மாலையில் அலுவலகத்தில் லேப்டாப்பை அப்படியே மூடிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவேன். ரயிலில் வந்து, வீட்டில் பையைத் திறந்தால் அனல் அடிக்கிறது. சார்ஜும் பாதியாகக் குறைந்திருக்கிறது. கடையில் காட்டினால் “பேட்டரி போய்விட்டது, மாற்றுங்கள்” என்கிறார்கள். வாங்கி இரண்டு வருடம்தான் ஆகிறது, விண்டோஸ் 11. பேட்டரி ரிப்போர்ட்டும் ஸ்லீப் ரிப்போர்ட்டும் எடுத்து இணைத்திருக்கிறேன். மாற்றத்தான் வேண்டுமா?
– தாம்பரம் வாசகர்

பதில்: மாற்ற வேண்டாம். பணத்தைப் பத்திரமாக வைத்திருங்கள்.

நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட்டில் இரண்டு எண்கள் இருக்கின்றன. ‘டிசைன் கெப்பாசிட்டி’ 45,000 மில்லிவாட் ஹவர்; இது புதிதாக வந்தபோது பேட்டரி கொள்ள வேண்டிய மின்சாரம். ‘ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி’ 38,700. இன்று அது கொள்வது. கணக்குப் போட்டால் 86 சதவீதம். இரண்டு வருடம் தினமும் உழைத்த பேட்டரிக்கு இது நல்ல மதிப்பெண். இதைப் பார்க்காமலே மாற்றச் சொன்ன கடைக்காரரை என்ன சொல்வது!

கோளாறு உங்கள் இரண்டாவது ரிப்போர்ட்டில் இருக்கிறது. மாலை நீங்கள் மூடியதிலிருந்து 1 மணி 10 நிமிடத்தில் சார்ஜ் 71-லிருந்து 34 சதவீதத்துக்கு இறங்கியிருக்கிறது. 38,700-ல் 37 சதவீதம் என்றால் ஏறக்குறைய 14 வாட் ஹவர். அதாவது சராசரியாகச் சுமார் 12 வாட். நீங்கள் உட்கார்ந்து டைப் செய்யும்போது ஆகிற செலவு அது! பைக்குள் லேப்டாப் தூங்கவே இல்லை. காற்றோட்டம் இல்லாத இடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. அனல் அடிக்காமல் என்ன செய்யும்?

பழைய லேப்டாப்களில் ‘ஸ்லீப்’ என்றால் ரேமுக்கு மட்டும் துளி மின்சாரம் போகும். பிராசஸர் உட்பட மற்றதெல்லாம் அடங்கிவிடும். ‘எஸ்3’ என்று அதற்குப் பெயர். இப்போது வரும் பல லேப்டாப்களில் அந்த வசதியையே எடுத்துவிட்டு ‘மாடர்ன் ஸ்டேண்ட்பை’யை வைத்திருக்கிறார்கள். மொபைல் போன் போலத் தொட்டவுடன் விழிக்க வேண்டும், மூடியிருந்தாலும் மெயில் வர வேண்டும் என்ற ஆசையில் வந்தது. திண்ணையில் கண்ணை மூடிச் சாய்ந்திருக்கும் தாத்தா, யார் படியேறினாலும் “யாரது?” என்பாரே, அந்தத் தூக்கம்தான் இது. எல்லாம் ஒழுங்காக இருந்தால் ஓர் இரவில் சில சதவீதம்தான் குறையும். ஒரு டிரைவர் முரண்டு பிடித்தாலும் விடிய விடிய விழித்திருக்கும். உங்கள் ரிப்போர்ட்டில் ‘டாப் அஃபெண்டர்ஸ்’ பட்டியலில் முதலில் நிற்பது வைஃபை அட்டை. விற்ற கம்பெனியின் தளத்தில் உங்கள் மாடல் எண்ணைக் கொடுத்து, வைஃபை டிரைவரையும் பயாஸையும் புதுப்பியுங்கள். பாதிப் பேருக்கு இதிலேயே சரியாகிவிடும்.

ஆனால் பையில் போகிற லேப்டாப்புக்கு என் சிபாரிசு ஸ்லீப்பே அல்ல, ஹைபர்நேட். ரேமில் இருப்பதை எல்லாம் எஸ்எஸ்டியில் எழுதிவைத்துவிட்டு முழுவதுமாக அணைந்துவிடும். திறந்தால் விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். எழுவதற்குச் சில நொடி கூடுதலாகும், அவ்வளவுதான். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், இடதுபுறம் ‘சூஸ் வாட் குளோசிங் தி லிட் டஸ்’ என்பதைத் திறங்கள். ‘ஆன் பேட்டரி’, ‘பிளக்டு இன்’ என்று இரண்டு வரிசை இருக்கும். மூடியை மூடும்போது என்ன செய்ய வேண்டும் என்ற இடத்தில், ‘ஆன் பேட்டரி’க்குக் கீழே ஹைபர்நேட் என்று மாற்றுங்கள். பட்டியலில் ஹைபர்நேட்டே இல்லையென்றால், கமாண்ட் பிராம்ப்ட்டை நிர்வாகி உரிமையோடு திறந்து, பவர் என்ற ஆங்கிலச் சொல்லோடு சி, எஃப், ஜி மூன்று எழுத்தையும் ஒட்டி அடித்து, ஓர் இடம் விட்டு, சாய்கோடு போட்டு ‘ஹைபர்நேட்’, மீண்டும் இடம் விட்டு ‘ஆன்’ என்று கொடுங்கள். வந்துவிடும்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. ‘ஆன் பேட்டரி’யை மட்டும் மாற்றியிருக்கிறீர்கள். சார்ஜர் செருகியபடியே மூடியை மூடிவிட்டு அப்புறம் ஒயரைப் பிடுங்கினால், மூடிய நேரத்தில் செல்லுபடியானது ‘பிளக்டு இன்’ வரிசைதான். லேப்டாப் பழைய அரைத்தூக்கத்திலேயே பைக்குள் போகும். முதலில் சார்ஜரைக் கழற்றுங்கள், பிறகு மூடுங்கள்.

தினமும் எழுதினால் எஸ்எஸ்டி தேய்ந்துவிடாதா என்று சிலர் பயப்படுகிறார்கள். ஒரு நாளைக்கு இரண்டு முறை, முறைக்கு 6 ஜிபி என்றே வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 4.4 டிபி. சாதாரண 512 ஜிபி எஸ்எஸ்டிக்குத் தயாரிப்பாளர்கள் தரும் வரம்பு பெரும்பாலும் 150 டிபிக்கு மேல். அதற்குள் லேப்டாப்பே பழசாகிவிடும்.

மற்ற வாசகர்களுக்கு: அதே பவர்-சிஎஃப்ஜிக்குப் பிறகு சாய்கோடு போட்டு ‘பேட்டரிரிப்போர்ட்’ என்று ஒரே சொல்லாக அடித்தால் முதல் ரிப்போர்ட், ‘ஸ்லீப்ஸ்டடி’ என்று அடித்தால் இரண்டாவது. இரண்டாவதற்கு நிர்வாகி உரிமை வேண்டும். அப்படித் திறந்தால் ரிப்போர்ட் விண்டோஸ் கோப்புறைக்குள் சிஸ்டம்32-ல் போய் விழும். கடைசி வரியில் முகவரி வரும், அதைப் பார்த்துத் தேடுங்கள்.

கேள்வி: நடுராத்திரியில் லேப்டாப் தானாக விழித்து ஃபேன் ஓடுகிறது. வைரஸா?
– மதுரை வாசகி

பதில்: வைரஸுக்கு முன்னால் சந்தேகப்பட நிறைய ஆட்கள் இருக்கிறார்கள். ஃபேன் ஓடும்போதே திறந்து, பவர்-சிஎஃப்ஜி, சாய்கோடு, ‘லாஸ்ட்வேக்’ என்று கேளுங்கள். கடைசியாக எழுப்பியது யார் என்று பெரும்பாலும் அதுவே சொல்லிவிடும். மவுஸ் அல்லது நெட்வொர்க் அட்டை என்று வந்தால், டிவைஸ் மேனேஜரில் அதன் மேல் இரட்டைக் கிளிக் செய்து, ‘பவர் மேனேஜ்மென்ட்’ பகுதியில் கணினியை எழுப்ப அனுமதிக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். டைமர் என்று வந்தால், பவர் ஆப்ஷன்ஸின் மேம்பட்ட அமைப்புகளில் ‘ஸ்லீப்’புக்குக் கீழே ‘அலோ வேக் டைமர்ஸ்’ இருக்கும், அதை நிறுத்துங்கள். விண்டோஸ் அப்டேட் ராத்திரியில் வேலை பார்ப்பதற்கு இந்த டைமரைத்தான் பயன்படுத்துகிறது.

கேள்வி: எவ்வளவு நேரம் போட்டாலும் 80 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் ஏற மறுக்கிறது.
– கரூர் வாசகர்

பதில்: மறுக்கவில்லை, காப்பாற்றுகிறது. லித்தியம் அயன் பேட்டரிக்கு முழு சார்ஜும் சூடும் சேர்ந்தால் ஆகாது. எப்போதும் சார்ஜரில் செருகியே வைத்திருப்பவர்களுக்காகத் தயாரிப்பாளர்கள் இந்த வரம்பை வைக்கிறார்கள். அவர்கள் தரும் செயலியில் நீக்கிக்கொள்ளலாம். ஊருக்குப் போகும் நாளில் மட்டும் நீக்குங்கள்.

கேள்வி: தினமும் ஷட் டவுன் செய்கிறேன். ஆனாலும் டாஸ்க் மேனேஜரில் ‘அப்டைம்’ 12 நாள் என்று காட்டுகிறது. பொய்யா?
– சேலம் மாணவர்

பதில்: உண்மைதான். 2012-ல் விண்டோஸ் 8-உடன் வந்த ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ செய்கிற வேலை. நீங்கள் ஷட் டவுன் கொடுத்தால் உங்கள் செயலிகள் மூடும். விண்டோஸின் உட்கரு மட்டும் ஹைபர்நேட் ஆகும். மறுநாள் சீக்கிரம் திறப்பதன் ரகசியம் அதுதான். ஆனால் ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால் எல்லாம் புதிதாகத் தொடங்கும். பவர் செட்டிங் எதை மாற்றினாலும், டிரைவர் எதைப் போட்டாலும் ரீஸ்டார்ட் கொடுத்த பிறகே சரியாயிற்றா என்று பாருங்கள். “எல்லாம் செய்துவிட்டேன், தீரவில்லை” என்று எழுதும் பலர் இந்த ஒன்றைச் செய்திருக்க மாட்டார்கள்.

கேள்வி: மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்சாரம் நிறுத்தும் நாளில்தான் லேப்டாப் பேட்டரியில் ஓடும். 30 சதவீதம் காட்டும்போதே படக்கென்று அணைந்துவிடுகிறது. எழுதிக்கொண்டிருந்த வினாத்தாள் போயே போய்விட்டது.
– தஞ்சாவூர் ஆசிரியை

பதில்: அந்தச் சதவீதம் அளந்து சொல்வதல்ல, பேட்டரிக்குள் இருக்கும் சிப் போடும் மதிப்பீடு. வருடம் முழுவதும் சார்ஜரிலேயே இருக்கும் பேட்டரியில் அந்த மதிப்பீடு தடுமாறும். முழுதாகச் சார்ஜ் ஏற்றி, பேட்டரியிலேயே ஓட்டி, தானாக அடங்கும்வரை விட்டு, மறுபடி இடைவெளி இல்லாமல் ஏற்றுங்கள். கணக்கு நேராகும். எப்போதாவது செய்தால் போதும். அடிக்கடி அடிவரை வற்றவிடுவது பேட்டரிக்குக் கெடுதல்.

அப்படியும் 30-ல் அணைந்தால் செல் தளர்ந்துவிட்டது. வேலை கூடும்போது மின்னழுத்தத்தைத் தாங்க முடியாமல் விழுகிறது. ரிப்போர்ட்டில் ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி பாதிக்கு அருகே வந்திருந்தால் உங்களுக்கு மாற்ற வேண்டியதுதான். அதுவரை, மேம்பட்ட அமைப்புகளில் ‘கிரிட்டிக்கல் பேட்டரி லெவல்’ 35 என்றும், ‘கிரிட்டிக்கல் பேட்டரி ஆக்‌ஷன்’ ஹைபர்நேட் என்றும் வையுங்கள். திறந்திருக்கும் வினாத்தாளோடு ஒழுங்காக அடங்கும்.

கேள்வி: டச்பேட் சற்று மேலே எழும்பி நிற்கிறது. கிளிக் சரியாக விழவில்லை. எந்த செட்டிங்கை மாற்ற வேண்டும்?
– நாகர்கோவில் வாசகர்

பதில்: எந்த செட்டிங்கும் இல்லை. பேட்டரி உப்பியிருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ரிப்போர்ட் நல்ல எண் காட்டினாலும் நம்ப வேண்டாம். உடனே அணைத்து, சார்ஜரைக் கழற்றி, இனிச் சார்ஜ் போடாமல் சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப் போங்கள். டச்பேடை அமுக்கி உள்ளே தள்ளிப் பார்ப்பது, ஊசியால் குத்திக் காற்றை எடுப்பது எதுவும் வேண்டாம், தீப்பிடிக்கும். கழற்றிய பேட்டரியை வீட்டுக் குப்பையோடு போடாதீர்கள். குப்பை வண்டியில் நசுங்கினாலும் தீப்பிடிக்கும். மின்கழிவு வாங்குபவரிடமோ சர்வீஸ் சென்டரிலோ கொடுத்துவிடுங்கள்.