மீடியா கோர்ஸுக்கு லோன் போடும் முன்... முதல் 12 வாரம் இலவசமா படிச்சுப் பாருங்க!



போன ஜூன் மாசம், வரி தாக்கல் சீசன். மளிகைக் கடை வெச்சிருக்கற ஒரு அண்ணன் எங்க ஆபீஸுக்கு வந்தார். பேப்பர் எல்லாம் கொடுத்த பிறகும் எழுந்திருக்காம உட்கார்ந்திருந்தார்.

"சார், பொண்ணு பி.காம் முடிச்சிட்டா. மீடியா படிக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. ஒரு சென்டர்ல 10 மாச டிப்ளமோ, 1,80,000 ரூபாய். லோனும் அவங்களே ஏற்பாடு பண்றாங்களாம். கையெழுத்து போட்டுடலாமா?"

படிப்பு விஷயத்துல நான் "வேணாம்"னு உடனே சொல்ல மாட்டேன். கால்குலேட்டரை எடுத்தேன். 13% வட்டி, 36 மாசம். இஎம்ஐ சுமார் 6,065 ரூபாய். மொத்தமா கட்டுறது 2,18,340. அதாவது வட்டி மட்டும் 38,000 ரூபாய்க்கு மேல.

அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "அண்ணே, இந்தப் பணத்துக்கு எதை வாங்கறீங்க?"

அவர் யோசிச்சார். அந்தக் கேள்விக்கான பதில்தான் இன்னைக்கு நம்ம பாடம்.

ஒரு கோர்ஸ், மூணு பொருள்

எந்த கோர்ஸா இருந்தாலும் ஃபீஸ் ரசீதுல ஒரே தொகைதான் இருக்கும். ஆனா உள்ள மூணு பொருள் இருக்கு. முதல்ல கல்வி, அதாவது பாடமும் பயிற்சியும். ரெண்டாவது சான்றிதழ், படிச்சதுக்கான அத்தாட்சி. மூணாவது கிரெடிட், அதாவது ஒரு பல்கலைக்கழகம் தன் பட்டத்துக்கு ஏத்துக்கற மதிப்பு. மூணுக்கும் விலை வேற வேற. இலவச ஆன்லைன் கோர்ஸ்ல பெரும்பாலும் முதல் பொருள்தான் இலவசம். இதைப் புரிஞ்சுக்கிட்டா ஏமாற மாட்டோம்.

எங்கே என்ன கிடைக்கும்?

ஸ்வயம்: மத்திய அரசோட தளம், 2017 ஜூலையில் ஆரம்பிச்சாங்க. ஜனவரி, ஜூலைன்னு வருஷத்துக்கு ரெண்டு பருவம். ஜர்னலிசம், மாஸ் கம்யூனிகேஷன் பாடங்களும் இதுல வருது. சேரவும் படிக்கவும் கட்டணம் இல்லை. சான்றிதழ் வேணும்னா தேர்வுக் கட்டணம் கட்டி, மையத்துக்கு நேர்ல போய் எழுதணும்.

என்பிடெல்: ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் நடத்தறது, ஸ்வயம் வழியாவே சேரலாம். இன்ஜினியரிங்குக்கு மட்டும்னு நினைக்காதீங்க. கம்யூனிகேஷன், எழுத்துப் பயிற்சி, சினிமா பற்றிய பாடங்களும் வந்திருக்கு. தேர்வுக் கட்டணம் ஒரு பாடத்துக்கு 1,000 ரூபாய். அசைன்மென்ட்டுக்கு 25, தேர்வுக்கு 75 மதிப்பெண். சான்றிதழுக்கு 25-ல 10, 75-ல 30 கண்டிப்பா வேணும். அசைன்மென்ட்டை விட்டுட்டு கடைசி நேரத்துல தேர்வு மட்டும் எழுதலாம்னு நினைச்சா நடக்காது.

எம்ஐடி ஓப்பன்கோர்ஸ்வேர்: அமெரிக்காவின் எம்ஐடி 2001-ல் அறிவிச்ச திட்டம். மீடியா ஸ்டடீஸ் துறையோட பாடத்திட்டம், வாசிப்புப் பட்டியல், அசைன்மென்ட் எல்லாம் திறந்து வெச்சிருக்காங்க. லாகின்கூட வேணாம். ஆனா சான்றிதழும் இல்லை, கிரெடிட்டும் இல்லை. முதல் பொருள் மட்டும்தான்.

ஓப்பன்லேர்ன்: பிரிட்டனின் ஓப்பன் யுனிவர்சிட்டி நடத்தறது. சின்னச் சின்ன கோர்ஸ்கள். முடிச்சா பங்கேற்புச் சான்று இலவசம். அது பட்டமும் இல்லை, கிரெடிட்டும் இல்லை.

கோர்செரா: இங்க ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தோட கம்யூனிகேஷன் சயின்ஸ் அறிமுகப் பாடம் ஒண்ணு இருக்கு. எவ்வளவு பகுதி இலவசமா திறக்கும்ங்கறது கோர்ஸைப் பொறுத்து மாறும். சான்றிதழுக்குக் காசு. வசதி இல்லாதவங்க நிதியுதவிக்கு விண்ணப்பிக்கலாம்.

ஒரு எச்சரிக்கை: எந்தத் தளத்துலயும் "ஃப்ரீ ட்ரையல்"னு கார்டு நம்பர் கேட்டா, அது இலவச கோர்ஸ் இல்லை. ட்ரையல் முடிஞ்சதும் சந்தா தானா பிடிப்பாங்க. கடைசி நாளுக்கு ரெண்டு நாள் முன்னாடியே போன்ல அலாரம் வெச்சுடுங்க.

கல்லூரில படிக்கறவங்களுக்கு

யுஜிசி-யின் 2021 விதிமுறைப்படி, ஒரு செமஸ்டர்ல உங்க படிப்புக்கு உள்ள பாடங்கள்ல 40% வரை ஸ்வயம் மூலமா படிச்சு கிரெடிட் வாங்க வழி இருக்கு. முன்னாடி இது 20% தான். ஆனா உங்க கல்லூரி அந்தப் பாடத்தை ஏத்துக்கணும். சேர்றதுக்கு முன்னாடியே துறைத் தலைவர்கிட்ட எழுத்துல அனுமதி வாங்குங்க. முடிச்சுட்டுப் போய்க் கேட்டா "எங்க லிஸ்ட்ல இல்லையே"னு சொல்ல வாய்ப்பு இருக்கு.

சரி, இதுல என்னதான் சொல்லித் தர்றாங்க?

என் அனுபவத்தையே சொல்றேன். சேனல் ஆரம்பிச்ச புதுசுல 14 நிமிஷ வீடியோ போடுவேன். முதல் நிமிஷத்துலயே பாதிப் பேர் கிளம்பிடுவாங்க. சிஏ படிப்புல பேலன்ஸ் ஷீட் வாசிக்கச் சொல்லிக் கொடுத்தாங்க. அதை அடுத்தவங்களுக்குப் புரிய வைக்கறது எப்படின்னு யாரும் சொல்லித் தரலை.

ஒரு இலவசப் பாடத்துல லாஸ்வெல் 1948-ல் எழுதின அஞ்சு கேள்வியைப் படிச்சேன். யார், என்ன, எந்த வழியா, யார்கிட்ட சொல்றாங்க, அதனால என்ன விளைவு? அதுல "யார்கிட்ட"ங்கற கேள்வியை நான் என்கிட்ட கேட்டதே இல்லை. ஆடிட்டருக்குப் பேசற மாதிரி சம்பளக்காரர்கிட்ட பேசிட்டு இருந்திருக்கேன்!

இன்னொண்ணு, மெக்கோம்ப்ஸும் ஷாவும் 1968 அமெரிக்கத் தேர்தலை வெச்சு ஆய்வு செஞ்சு, 1972-ல் வெளியிட்ட அஜெண்டா செட்டிங். எதைப் பற்றி நாம யோசிக்கணும்ங்கறதை ஊடகம் பெருமளவு தீர்மானிக்குதுங்கற கருத்து. முதலீட்டாளருக்கு இது எவ்வளவு பெரிய பாடம் தெரியுமா? ஒரு பங்கைப் பற்றி காலையில இருந்து ராத்திரி வரைக்கும் செய்தி வந்தா, அது நல்ல பங்குன்னு அர்த்தம் இல்லை. நம்ம கவனம் அங்க இழுக்கப்படுதுன்னு மட்டும்தான் அர்த்தம்.

வரிச் சலுகை கிடைக்கும்னு சொன்னாங்களா?

இங்கதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க. கல்விக் கடன் வட்டிக்கான கழிவு பழைய வரி முறையில மட்டும்தான். அதுவும் பிளஸ் டூவுக்கு அப்புறமான, அரசோ அரசு அங்கீகாரம் உள்ள அமைப்போ ஏத்துக்கிட்ட படிப்பா இருக்கணும். பேங்க் மாதிரி தகுதியான நிறுவனத்துல வாங்கின கல்விக் கடனா இருக்கணும். சென்டர் ஏற்பாடு பண்ற லோன் பர்சனல் லோனா இருந்தா அந்த வட்டிக்குக் கழிவு கிடையாது. பிள்ளைங்க டியூஷன் ஃபீஸுக்கான கழிவும் முழுநேரப் படிப்புக்குத்தான், ஆன்லைன் குறுகிய கோர்ஸுக்கு இல்லை.

அந்த அண்ணன் விசாரிச்சுப் பார்த்தார். சென்டர் டிப்ளமோவுக்கு எந்தப் பல்கலைக்கழகத்தோட அங்கீகாரமும் இல்லை. லோனும் பர்சனல் லோன். அப்போ 2,18,340 ரூபாய்க்கு அவருக்குக் கிடைக்கப் போறது முதல் பொருளும், சென்டரே அடிச்சுக் கொடுக்கற ஒரு பேப்பரும்.

பொண்ணு என்ன பண்ணிச்சு?

அப்பாவும் பொண்ணும் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தாங்க. ஆறு மாசம் லோன் இல்லை. ஜூலைப் பருவத்துல ஸ்வயம்ல ரெண்டு பாடம். அப்பா அதே 6,065 ரூபாயை மாசாமாசம் ஆர்டி-ல போடணும்.

வீடியோ தயாரிப்புப் பாடத்தை மூணாவது வாரத்துலயே விட்டுட்டா. "அண்ணா, எனக்கு கேமரா பிடிக்கலை. எழுதறதுதான் வருது"ன்னு போன் பண்ணினா. ஆனா ஜர்னலிசம் பாடத்தை 12 வாரமும் முடிச்சு, தேர்வும் எழுதினா. இப்ப அரசுப் பல்கலைக்கழகத்துல எம்.ஏ. சேர நுழைவுத் தேர்வுக்குப் படிக்கிறா. வேலைக்குப் பட்டம் கேக்கற இடங்கள்ல இலவச கோர்ஸ் அதுக்கு ஈடாகாதுன்னு அவளுக்கே தெரியும்.

யோசிச்சுப் பாருங்க. சென்டர்ல சேர்ந்திருந்தாலும் மூணாவது வாரத்துல இதே விஷயம்தான் தெரிய வந்திருக்கும். ஆனா அப்போ இஎம்ஐ 36 மாசம் ஓடிட்டே இருக்கும். இங்க அந்தத் தெளிவுக்கு ஆன செலவு 0 ரூபாய். என்னைக் கேட்டா, இலவச கோர்ஸோட நிஜமான மதிப்பு சான்றிதழ்ல இல்லை. நமக்கு இது சரிப்படாதுன்னு பைசா நஷ்டம் இல்லாம தெரிஞ்சுக்கலாம்ல, அதுலதான் இருக்கு.

உங்களுக்கு ஹோம்வொர்க்

1. மூணு பொருள்ல எது வேணும்னு ஒரு பேப்பர்ல எழுதுங்க.
2. ஒரே ஒரு பாடத்துல சேருங்க. அஞ்சு பாடத்துல சேர்ந்தா ஒண்ணும் முடியாது.
3. நாலு வாரம் அசைன்மென்ட் விடாம செய்யுங்க. அப்புறம் தேர்வுக் கட்டணம் கட்டறதை முடிவு பண்ணுங்க. கடைசித் தேதியை மட்டும் முன்னாடியே பார்த்துக்கோங்க.
4. வாரம் ஒரு கட்டுரையோ வீடியோவோ செஞ்சு சேர்த்து வைங்க. மீடியா வேலைக்குப் போனா "என்ன பண்ணியிருக்கீங்க, காட்டுங்க"னுதான் முதல்ல கேப்பாங்க.
5. இத்தனைக்கும் அப்புறமும் பெரிய கோர்ஸ் வேணும்னு தோணினா தைரியமா சேருங்க. அப்போ போடற கையெழுத்து தெரிஞ்சு போடற கையெழுத்து.

யாராவது வீட்டுல லோன் ஃபார்மோட உட்கார்ந்திருந்தா, இதை அவங்களுக்கு அனுப்புங்க. அடுத்த பதிவுல கல்விக் கடன் ஃபார்மை வரி வரியா படிக்கலாம்.